காற்றையும் பஞ்சாங்கத்தையும் பார்த்துக் கடற்கரை தேர்ந்தெடுப்பது: அரியமான், மணப்பாடு, காரைநகர், பாசிக்குடா

இந்த வருஷம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முதலாமவர் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். நாலு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். "அலை வந்து இழுக்காத கடல் எங்கேயாவது இருக்கா?" என்றார். அடுத்தவர் என் அம்மாவின் தோழி, ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருக்குக் கூட்டமும் ஒலிபெருக்கியும் ஆகாது. "அதுக்காக ஆளே இல்லாத இடத்துல கொண்டுபோய் விட்டுடாதே, நாலு வீடு தெரியணும்" என்றார். மூன்றாமவர் லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன். மனைவிக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். ஆடி மாதம் அங்கே போகும்போது பிள்ளைகளுக்கு ஒரு நல்ல கடல் காட்ட வேண்டும், ஆனால் ஓட்டல்காரன் வேலி போட்ட கடல் வேண்டாம் என்றான்.

மூன்று பேருக்கும் வேண்டியது தண்ணீர் அடங்கியிருக்கிற, சத்தம் குறைவான, பக்கத்தில் ஒரு ஊர் உயிரோடு இருக்கிற கரை. மெரினாவும் மாமல்லபுரமும் இதில் முதலிலேயே அடிபட்டுவிடும். அங்கே வங்காள விரிகுடா தடையில்லாமல் வந்து மோதுகிறது. தரங்கம்பாடி எனக்குப் பிடித்த ஊர்தான், 1620இல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்த்தபடி மாலையில் உட்காரலாம். ஆனால் அது பார்க்கிற கடல், இறங்குகிற கடல் இல்லை. கடைசியில் என் பட்டியலில் நான்குதான் நின்றன: ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான், தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு, யாழ்ப்பாணத்துக் காரைநகரின் கசூரினா கடற்கரை, மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடா.

## எதை வைத்து அளப்பது

காற்று. இதைத்தான் எல்லாரும் கடைசியில் கேட்கிறார்கள், நான் முதலில் கேட்கிறேன். கடலோர மக்கள் வாயில் காற்றுக்கு நாலு பெயர் உண்டு. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து சோழகம், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். ஊருக்கு ஊர் உச்சரிப்பும் திசையும் கொஞ்சம் நகரும். (இலங்கையில் கச்சான் என்று கேட்டால் வேர்க்கடலையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், அது வேறு விஷயம்.) நமக்கு வருஷத்தை இரண்டாக வெட்டிக்கொண்டால் போதும். அக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை வாடை. மே கடைசி முதல் செப்டம்பர் வரை சோழகமும் கச்சானும். நடுவில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் கொஞ்சம் கண் அயரும்.

எனவே, ஒரு கரை எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று தெரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி. காற்று முதுகில் படும் கரையில் தண்ணீர் அடங்கிக் கிடக்கும், முகத்தில் அறையும் கரையில் கலங்கும். அதே கடற்கரையைப் பற்றி ஒருவர் "குளம் மாதிரி இருந்தது" என்றும் இன்னொருவர் "கால் வைக்க முடியவில்லை" என்றும் சொன்னால், இருவரும் பொய் சொல்லவில்லை, வேறு வேறு மாதத்தில் போயிருக்கிறார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட புயலும் வாடைப் பருவத்தில் வந்தவை. அந்த மாதங்களில் இந்த நான்கில் எதற்கு முன்பதிவு செய்தாலும், பணம் திரும்பக் கிடைக்கும் பதிவாகப் பாருங்கள்.

ஆழமும் அடித்தரையும். எவ்வளவு தூரம் நடந்தால் இடுப்பு நனையும், காலடியில் மணலா கல்லா சேறா.

ஊர். "உள்ளூர் மணம்" என்று விளம்பரங்கள் சொல்வது பெரும்பாலும் ஓட்டல் வாசலில் வைத்த ஓட்டைப் படகைத்தான். நான் பார்ப்பது வேறு. காலையில் அந்தக் கரையில் மீன் இறங்குகிறதா, ஏலம் போகிறதா? மாலையில் ஊர்ப் பெண்கள் வந்து உட்காருகிறார்களா? பெண்கள் வந்து உட்காரும் கரை என்றால் வெளியூர்ப் பெண்களும் தைரியமாக உட்காரலாம்.

பஞ்சாங்கம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இந்த நான்கு கரைகளுக்கும் பக்கத்தில் ஒரு பெரிய கோயிலோ தேவாலயமோ இருக்கிறது. அங்கே திருவிழா என்றால் கடற்கரை காலியாக இருந்தாலும் அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை இரண்டு மடங்கு.

கடைசிச் சில கிலோமீட்டர். ரயில், விமான, பேருந்துச் செலவை எல்லாரும் கணக்குப் போட்டுவிடுகிறோம். பேருந்து இறக்கிவிடும் இடத்திலிருந்து தண்ணீர் வரைக்கும், முக்கியமாகத் திரும்பி வருவதற்கும், ஆகும் செலவுதான் பட்ஜெட்டைக் கிழிக்கும்.

நிழல், கழிப்பறை, ஈரத்துணி மாற்ற ஒரு மறைவு, இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயதானவர்களோ பெண்களோ கூட வந்தால் இவைதான் முதல் மூன்று கேள்விகள்.

அவசரக்காரர்கள் இந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

| | அரியமான் | மணப்பாடு | காரைநகர் | பாசிக்குடா |
|---|---|---|---|---|
| எந்தக் கடல் | பாக் விரிகுடா | மன்னார் வளைகுடா | பாக் நீரிணைப் பக்கம் | வங்காள விரிகுடா, ஆனால் குடாவுக்குள் |
| நல்ல மாதங்கள் | பிப்ரவரி–செப்டம்பர் | ஜனவரி–மார்ச் | பிப்ரவரி–செப்டம்பர் | ஏப்ரல்–செப்டம்பர் |
| சின்னக் குழந்தை இறங்கலாமா | ஆம், காலையில் | வேண்டாம் | ஆம் | ஆம், நான்கில் இதுதான் சிறந்தது |
| ஊர் | கொஞ்சம் தள்ளி | கரையிலேயே | பக்கத்தில், பாதி வீடு பூட்டி | ஓட்டல்களுக்கு அப்பால் |
| தவிர்க்க வேண்டிய நாள் | ஆடி, தை, மகாளய அமாவாசை, ஞாயிறு | செப்டம்பர் முதல் பாதி, தசரா, கந்த சஷ்டி | நல்லூர்த் திருவிழா, ஞாயிறு மாலை | ஏப்ரல் புத்தாண்டு, பௌர்ணமி விடுமுறை |
| கண்ணில் படாத செலவு | ஆட்டோ காத்திருப்பு | தங்க இடம் திருச்செந்தூரில் | கப்பல் ரத்தானால் விமானம் | போக வர இரண்டு பகல் |

## அரியமான்

ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் போகும் நெடுஞ்சாலையில் உச்சிப்புளிப் பக்கம் இடது கைப்புறமாக உள்ளே போக வேண்டும். சவுக்குத் தோப்பு, அதற்கு அப்பால் நீளமான வெள்ளை மணல், பிறகு பாக் விரிகுடா. இந்த விரிகுடாவே ஆழம் குறைந்த ஒரு தட்டு மாதிரி. பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தோடு நின்றுவிடும், ஒரு பக்கம் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் இலங்கை என்று கரைகள் அணைத்துக்கொண்டிருக்கும். பெரிய அலை உருவாக இடமே இல்லை. ராமேசுவரத்துக்காரர்கள் வடக்கே இருக்கும் இந்தக் கடலைப் பெண் கடல் என்றும், தெற்கே தனுஷ்கோடிப் பக்கம் உறுமுவதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பெண்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ, பெயர் வைத்தது நான் இல்லை.

இந்தப் பெயரை நம்பித்தான் சில வருஷம் முன்பு அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசியில், குடும்பத்தோடு போய் இறங்கினேன். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. அலை சின்னதுதான், ஆனால் ஓயாமல் சாய்வாக வந்து அடித்தது. வாடை நேரே முகத்தில். பையன் கரையில் நின்று என்னை முறைத்தான். ஆட்டோக்காரர் பீடியை அணைத்துவிட்டு, "அண்ணே, வாடைக்கு இங்க குளிக்க முடியாது. தெற்குப் பக்கம் போங்க, அங்க கடல் படுத்துக் கிடக்கும்" என்றார். அரை மணி நேரத்தில் புதுமடம் பக்கம் மன்னார் வளைகுடாவின் கரையில் நின்றோம். தண்ணீர் அசையவே இல்லை. இந்த இடத்தில் நிலம் ஒரு நாக்கு மாதிரி இரண்டு கடலுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கிறது, வாடை காலத்தில் தெற்குக் கரைக்குக் காற்று முதுகு, சோழகத்தில் வடக்குக் கரைக்கு. நான்கு இடங்களில் இப்படிக் குளத்தைப் போல அடங்கிய மாற்றுக் கரை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அரியமானுக்கு மட்டும் உள்ள வசதி. மாதத்தைத் தப்பாகப் போட்டவர்களுக்கும் இங்கே மன்னிப்பு உண்டு.

சில காலைகளில் கரையோரம் பழுப்பாக வைக்கோல் போர் போல ஒதுங்கிக் கிடக்கும், மெல்ல நாறும். குப்பை என்று முகம் சுளிக்கிறார்கள். அது கடற்புல். பாக் விரிகுடாவின் அடியில் வளர்வது, கடல்பசுவின் தீனி. வடக்கே தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 2022இல் கடல்பசுப் பாதுகாப்பகம் அறிவித்தது இந்தப் புல்வெளிகளை நம்பித்தான். நூறு அடி தள்ளி நடந்தால் சுத்தமான மணல் இருக்கும். பிளாஸ்டிக்கும் உடைந்த பாட்டிலும் வேறு விஷயம். சவுக்குத் தோப்புக்குள் செருப்பில்லாமல் நடக்காதீர்கள்.

ஊர் என்று பார்த்தால் அரியமானுக்கு நான் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன். படகுச் சவாரி, குழந்தைகள் விளையாட்டு என்று ஒரு பகுதியைச் சுற்றுலாத் தலமாக ஆக்கிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை அங்கே போவதும் பொருட்காட்சிக்குப் போவதும் ஒன்று. மீனவக் குடியிருப்புகள் கரையோடு கொஞ்சம் நடந்தால் வரும். வார நாளில் விடியற்காலையில் போனால் வத்தைப் படகுகள் வந்து ஒதுங்குவதையும் நண்டு வலையிலிருந்து நண்டைப் பிரித்தெடுப்பதையும் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் விலை ஏறும். ஆனால் நாட்டுப்படகுகள் போய்க்கொண்டிருக்கும், அதனால் கரையில் வாங்கும் மீன் அன்றைக்குப் பிடித்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

செலவு விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. பேருந்து நெடுஞ்சாலையில் இறக்கிவிடும், உள்ளே போக ஆட்டோ பிடிக்க வேண்டும், திரும்ப அங்கே ஆட்டோ நிற்காது. ஆகவே போகும்போதே காத்திருப்புக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். அடுத்தது அமாவாசை. ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ராமேசுவரத்தில் அறை தேடுவது வீண். ராமநாதபுரத்தில் தங்கிவிட்டு வாருங்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது, அதனால் கோயில் கூட்டம் முன்னைவிடக் கூடியிருக்கிறது.

## காரைநகர், கசூரினா

இதற்குப் போவதே ஒரு கதை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்கள். சில நாளிலேயே நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். வாடை காலத்தில் கடல் சரியில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானமும் இருக்கிறது. கப்பலில் போய்க் கப்பலில் திரும்புவதாகத் திட்டமிடுபவர்கள், திரும்ப வரும் நாளில் கப்பல் ரத்தானால் கடைசி நேர விமானச் சீட்டுக்குப் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதுதான் இந்தப் பயணத்தின் உண்மையான விலை. நுழைவு அனுமதி விதிகளும் அடிக்கடி மாறுகின்றன, சீட்டு எடுக்கும் அன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது.

காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்குப் போகாமலேயே கீரிமலை, மாதகல், சுழிபுரம் வழியாகக் கடலோரமாக வந்துவிடலாம். பொன்னாலையில் தாம்போதி தொடங்கும். இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர், நடுவில் சாலை, தண்ணீரில் நட்ட கம்புகளும் வலைகளும், அவற்றின் மேல் கொக்குகள். கடற்கரைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே பாதி மனசு நிறைந்துவிடும் எனக்கு.

கசூரினா என்ற பெயர் சவுக்கு மரத்தால் வந்தது. வடக்கு பார்த்த கரை, மணல் அடி, நெடுந்தூரம் நடந்தாலும் ஆழம் ஏறாது. யாழ்ப்பாணத்தில் மூன்று தலைமுறை நீச்சல் பழகியது இங்கேதான் என்று சித்தப்பா மகனின் மாமியார் சொல்வார், அவர் பழகியதும் இங்கேதானாம். சோழகக் காற்று நாட்களில் மணல் பறக்கும். ஆனால் தண்ணீர் அடங்கியிருக்கும், ஏனென்றால் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. அதே காற்று ரப்பர் மிதவையில் இருக்கும் குழந்தையை அப்படியே வெளியே தள்ளிக்கொண்டு போகும். கரைக்காற்று நாளில் மிதவையே வேண்டாம், அல்லது கயிறு கட்டிக் கையில் பிடியுங்கள்.

ஊர்? காரைநகர் வியாபாரிகளின் ஊர். பெரிய நாற்சார் வீடுகள், உயர்ந்த மதில்கள், அதில் பாதி பூட்டிக் கிடக்கும். ஆட்கள் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும். மிச்சம் இருப்பவர்கள் நின்று பேசுவார்கள். ஈழத்துச் சிதம்பரம் என்று சொல்லும் சிவன் கோயில் இங்கே இருக்கிறது, மார்கழித் திருவாதிரைக்கு அந்தப் பூட்டிய வீடுகள் பலவும் திறக்கும். தீவின் தென்பக்கத்தில், ஊர்காவற்றுறைக்குப் போகும் நீர்வழியில், கடலுக்குள்ளேயே நிற்கும் சின்னக் கோட்டையையும் பார்க்கலாம். கடற்படை முகாம் இருக்கும் தீவு இது, படம் எடுக்கும்போது எதைப் பார்த்து எடுக்கிறோம் என்று கவனமாக இருங்கள்.

கரையில் இருக்கும் சின்னக் கடைகளை நம்பி மதியச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள், கட்டிக்கொண்டு போங்கள். நான் முதல் தடவை போனபோது கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்காமல் இருந்துவிட்டு, நகரத்துக்குத் திரும்ப ஓட்டோவுக்குக் கொடுத்த காசில் இரண்டு நாள் சாப்பிட்டிருக்கலாம். ஞாயிறு மாலையில் இளைஞர் கூட்டமும் பாட்டுப் பெட்டியும் சேரும். வார நாள் காலைதான் இந்தக் கரையின் நேரம். இரண்டாம் தடவை ஒரு பின்னேரம் காற்று எழும்பியபோது, வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியவர் நாங்கள் கேட்காமலேயே சொன்னார்: "தம்பி, இண்டைக்குக் காத்து சரியில்லை. நாளைக்கு விடிய வாங்கோ." விடிய வந்தோம், அவர் சொன்னது சரி.

ஆடியிலிருந்து ஆவணிக்குள் 25 நாள் நல்லூர்த் திருவிழா நடக்கும். அப்போது யாழ்ப்பாணத்தில் அறை அரிது. ஆனால் கூட்டம் முழுக்கக் கோயில் வீதியில் இருப்பதால் வார நாள் காலைகளில் கசூரினா காலியாகக் கிடக்கும். உறவினர் வீடு இருப்பவர்களுக்கு இது ஒரு லாபம்.

## பாசிக்குடா

பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது: பாசி படர்ந்த குடா. பக்கத்தில் இருப்பது கல்குடா. வாழைச்சேனைக்கு அருகே, மட்டக்களப்பு நகருக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல். பிறை வடிவக் குடாவின் வெளிப்பக்கத்தில் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, இருப்பதால் அலை அங்கேயே உடைந்துவிடும். நூறு மீட்டர் நடந்தாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான். சோழகக் காலத்தில் கரைக்குப் பின்னாலிருந்து காற்று. தண்ணீர் மட்டும்தான் கேள்வி என்றால் இந்தப் போட்டியில் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் வர முடியாது.

ஆனால் தண்ணீர் மட்டுமா கேள்வி? 2004 சுனாமியிலும் போரிலும் அடிபட்ட கரை இது. 2009க்குப் பிறகு குடாவின் வளைவு நெடுக ஓட்டல்கள் வந்துவிட்டன. அறையில் தங்கினால் காலையில் தூய்மையான மணல், சாய்வு நாற்காலி, வெளிநாட்டவர்கள். மாலத்தீவு என்று சொல்லி ஏமாற்றிவிடலாம். சித்தப்பா மகன் வேண்டாம் என்று சொன்ன வேலி இதுதான். பொதுமக்கள் இறங்கும் பகுதி ஒரு ஓரத்தில் இருக்கிறது, ஏப்ரல் புத்தாண்டிலும் பௌர்ணமியோடு சேர்ந்து வரும் நீண்ட விடுமுறைகளிலும் அங்கே நிற்க இடமிருக்காது.

இதற்கு ஒரு வழி உண்டு. கல்குடாப் பக்கமோ வாழைச்சேனையிலோ சின்ன விடுதியாகப் பார்த்துத் தங்கிவிட்டு, குளிக்க மட்டும் காலையில் பாசிக்குடாவுக்கு வாருங்கள். வாழைச்சேனை மீன்பிடித் துறைமுக ஊர். பாலம் தாண்டினால் ஓட்டமாவடி, அங்கே சாப்பாட்டுக் கடைகளுக்குக் குறைவில்லை. மண்சட்டியில் எருமைத் தயிர் வாங்கிக் கித்துள் பாணி (கித்துள் பனையின் பாகு) ஊற்றிச் சாப்பிடாமல் அந்தப் பக்கத்திலிருந்து திரும்புவது பாவம். கல்குடாக் கரை நீளமானது, படகுகள் நிற்கும், கரைவலை இழுப்பார்கள். குளிப்பதற்கு அது குடா அளவுக்கு அடக்கமானது இல்லை.

தூரம்தான் பெரிய செலவு. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு உதயதேவி ரயில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து என்றால் சாலை வழியாக ஒரு பகல் முழுசாகப் போய்விடும், திரும்ப இன்னொரு பகல். மூன்று இரவுக்குக் குறைவாக இருந்தால் இந்தப் பக்கம் வராதீர்கள், நவம்பர் முதல் ஜனவரி வரை மூன்று வாரம் கையில் இருந்தாலும் வராதீர்கள். அது மழையின் பருவம்.

## மணப்பாடு

நாலாவது இடத்தைப் பற்றி எழுதும்போது நான் கொஞ்சம் பக்கச் சார்பு கொண்டவன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 18 கி.மீ. மணல் குன்று ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம், 1581இல் கட்டியது. கீழே கடலைப் பார்த்த குகை, 1542இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்வார்கள். ஊர் பரதவர் ஊர். இங்கே ஊருக்கும் கரைக்கும் நடுவில் எல்லைக்கோடே கிடையாது, வீட்டு வாசலில் வலை, வலைக்குப் பக்கத்தில் கோலம், அதற்கு அடுத்தாற்போல் படகு. மாலையில் குன்றில் பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். என் ஊர்க் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கும் கரை இது ஒன்றுதான்.

குன்று நீட்டிக்கொண்டிருப்பதால் எந்தப் பருவத்திலும் அதன் ஒரு பக்கம் காற்றுக்கு மறைவாக இருக்கும்: வாடைக்குத் தெற்குப் புறம், சோழகத்துக்கு வடக்குப் புறம். ஆனால் மறைவு என்பது வேறு, குளம் என்பது வேறு. இங்கே அலை உண்டு. அலைச்சறுக்குக்காரர்களும் பட்டம் கட்டிச் சறுக்குகிறவர்களும் இதைத் தேடி வருவது அதனால்தான். குன்றின் முனையில் பாறையும் நீவாடும் இருக்கின்றன. நீவாடு என்றால் கடலுக்குள் ஓடும் ஓட்டம், மேலே தெரியாது, காலைப் பிடித்து இழுக்கும். முனைப் பக்கம் இறங்காதீர்கள். மற்ற இடத்திலும் படகுக்காரர்களிடம் கேட்டுவிட்டு, முட்டளவில் நில்லுங்கள். நாலு வயதுக் குழந்தைக்கு இந்த ஊர் இல்லை.

தங்குவதற்கு ஊருக்குள் பெரிதாக எதுவும் எதிர்பார்க்க வேண்டாம், திருச்செந்தூரில் தங்கிப் போய்வர வேண்டும். அங்கே கந்த சஷ்டி, வைகாசி விசாகம் என்றால் மறந்துவிடுங்கள். செப்டம்பர் முதல் பாதியில் மணப்பாட்டுத் திருவிழா, 14ஆம் தேதி திருச்சிலுவைப் பெருநாள். அந்தக் கூட்டமும் பார்க்க வேண்டியதுதான், அமைதி தேடுகிறவர்களுக்கு அல்ல. பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தின் தசராவுக்கு வேடம் கட்டிய கூட்டம் சாலை முழுக்க நிரம்பும். அதே குலசையில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். இந்தக் கரையின் அமைதியை அனுபவிக்க நினைக்கிறவர்கள் ரொம்ப நாள் தள்ளிப்போடாமல் இருப்பது உத்தமம். திரும்பும்போது உடன்குடியில் கருப்பட்டி வாங்கலாம், எடை தாராளமாக.

## சரி, யார் எங்கே போவது

பக்கத்து மேசைக்காரருக்கு அரியமான்தான் சொன்னேன். பிப்ரவரி அல்லது மார்ச், வார நாள், காலை ஏழு மணிக்குள் தண்ணீரில். கோடை விடுமுறையில்தான் முடியும் என்றால் மே மாதமும் பரவாயில்லை, தண்ணீர் அடங்கியே இருக்கும். வெயில்தான் கொல்லும், ஒன்பதரைக்குள் தோப்புக்குத் திரும்பிவிட வேண்டும். பாசிக்குடாவின் தண்ணீர் குழந்தைக்கு இன்னும் நல்லதுதான். ஆனால் கடவுச்சீட்டு, கொழும்பு, அப்புறம் ஒரு நாள் ரயில் என்று நாலு வயதுப் பிள்ளையை அலைக்கழித்துப் போய் முழங்கால் நனைப்பதற்கு அது ஈடாகாது. அதே குடும்பம் ஏற்கெனவே கொழும்பில் இருந்தால் என் பதில் மாறிவிடும்.

சித்தப்பா மகனுக்கு முதலில் காரைநகர். ஆடியில் வருவதால் காற்றும் சரி, தங்க மாமியார் வீடும் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழும், தாத்தா பாட்டி குளித்த தண்ணீர் என்று சொல்லிக் காட்டலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் கடைசி நாலு நாளைக் கிழக்கே வைத்துக்கொள் என்றேன். ஆடி அமாவாசையன்று மட்டக்களப்பில் மாமாங்கேசுவரர் கோயில் தீர்த்தம், அந்த நாளை மட்டும் தள்ளிப் போடச் சொன்னேன். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் பாசிக்குடாவை மறந்துவிட்டுக் கசூரினாவுக்கே மூன்று காலை போவது மேல்.

எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. இந்தக் கடல்கள் அனைத்திலும் கண்ணாடி மாதிரித் தண்ணீர் வேண்டுமென்றால் காலைதான். பத்துப் பதினோரு மணிக்கு மேல் நிலம் சூடேறிக் கடற்காற்று எழும்பிவிடும். ஆழமில்லாத மணல் தரையில் திருக்கை பதுங்கியிருக்கும், காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும். தண்ணீரில் சொறி, அதாவது ஜெல்லி மீன், மிதந்தால் அன்றைக்குக் குளியல் வேண்டாம். உடம்பு முழுக்க மூடும் பருத்தித் துணியில் இறங்கினால் நம் ஊர்க் கரைகளில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பாதிப் பேர் அப்படித்தான் இறங்குகிறார்கள். ஆனால் ஈரப் புடவை கனமாகிக் காலைச் சுற்றும், சுடிதார் மேல்.

ஆசிரியைக்குச் சந்தேகமே இல்லாமல் மணப்பாடு, தை மாதம், பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு. அவர் குளிக்கப் போவதில்லை, உட்காரப் போகிறார். உட்காருவதற்கு அந்தக் குன்றைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. போன வாரம் அங்கிருந்து போன் செய்தார். பின்னணியில் மணிச்சத்தமும் யாரோ மீன் விலை பேசுவதும் கேட்டது.

"தண்ணியில இறங்கினீங்களா டீச்சர்?"

"கால் நனைச்சேன், போதும். இங்க ஒரு அம்மா என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுறாங்க, வைக்கிறேன். உனக்குக் கருப்பட்டி ரெண்டு கிலோவா, மூணா?"